ஆறு என்று எழுதிய சிலிண்டர்

ஜனவரி 19, ஞாயிறு

இன்று நான் சொல்லாதது: நான் எடுத்தது தப்பான சிலிண்டர்.

கோவிலம்பாக்கம் நீச்சல் குளத்தில், காலை வகுப்பில். யாரும் பார்க்கவில்லை என்று எழுதப் போனேன், அது சரியில்லை. எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஓகே சொன்னார்கள்.

நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். டெக்னிக்கல் டைவிங்கில் முதுகில் இரட்டைச் சிலிண்டர், இடுப்போரம் தனியாக இன்னும் இரண்டு. ஆழத்தில் ரொம்ப நேரம் இருந்தவர் நேராக மேலே வர முடியாது. உடம்பில் கரைந்த வாயு வெளியேற வேண்டும், அதற்காக வழியில் நின்று நின்று வர வேண்டும். தலைக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத கூரை இருப்பது மாதிரி. அந்த நிறுத்தங்களில் ஆக்சிஜன் கூடுதலாக உள்ள சிலிண்டருக்கு மாறினால் காத்திருப்பு குறையும். ஒன்றின் மேல் 21 என்று பெரிதாக எழுதியிருக்கும். இருபத்தொரு மீட்டருக்கு வந்து சேர்ந்த பிறகுதான் இதைச் சுவாசிக்கலாம் என்று அர்த்தம். இன்னொன்றில் 6. அதில் சுத்த ஆக்சிஜன். ஆழத்தில் அதைச் சுவாசித்தால் வலிப்பு வரும். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால், மூச்சு விடும் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவும். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

அதனால்தான் மாறுவதற்கு முன் ஒரு சடங்கு. லேபிளை உடன் இருப்பவர்களுக்குத் திருப்பிக் காட்ட வேண்டும். சிலிண்டரிலிருந்து வாய்வரை ஹோஸைத் தடவிக் காட்ட வேண்டும். அவர்கள் பார்த்து ஓகே கொடுத்த பிறகுதான் வாயில் வைக்க வேண்டும்.

இன்று இருபத்தொரு மீட்டரில் இருப்பதாகப் பாவனை. நான் 6-ஐத் திருப்பிக் காட்டினேன். வேண்டுமென்று இல்லை, நினைப்பு எங்கோ இருந்தது. என்னோடு சேர்ந்து கற்கும் சினேகா ஓகே. எங்களுக்குக் கற்றுத்தரும் பிரிட்டோ அண்ணா ஓகே. கரையேறிக் கழற்றும்போதுதான் பார்த்தேன், 21-இன் ஹோஸ் ரப்பர் பேண்டுக்குள் மடித்தது மடித்தபடி இருக்கிறது.

ஒன்றும் ஆகவில்லை. பயிற்சி சிலிண்டர் எல்லாவற்றிலும் சாதாரணக் காற்றுதான். லேபிள் சும்மா ஒட்டியது.

டீக்கடையில் அண்ணா உற்சாகமாக இருந்தார். "உதயாவைத் தவிர எல்லாரும் ரெடி. இனிமே மூணு கோர்ஸ் தனித்தனியா வேணாம்பா. ஒரே பேக்கேஜ். அடுத்த மாசம் குவாரி, அதுக்கு அடுத்த வாரமே கடல்."

உதயா வண்டலூர்ப் பையன், புகைப்படக்காரன், எங்கள் குழுவில் மூன்றாவது ஆள். காலை முழுக்கக் குளத்தின் மறுமுனையில் மிதப்பைச் சரிசெய்துகொண்டே கிடந்தான். "நீ அடுத்த பொங்கலுக்கு முடிச்சிடுவ மச்சான்" என்று அண்ணா முதுகில் தட்டினார். எல்லோரும் சிரித்தோம். நானும்.

ஜனவரி 20, திங்கள்

நேற்றே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? என் தப்பைச் சொன்னால் அவர்கள் தப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். அது மரியாதையா, கோழைத்தனமா?

ஜனவரி 23, வியாழன்

அண்ணா ஃபோன் செய்தார். "வினி, நீதானே ஃபேக்டரில ட்ரெயினிங் எல்லாம் எழுதுற. நம்ம பேக்கேஜை அழகா ஒரு பக்கம் எழுதிக் குடேன்."

மறைமலை நகரில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் என் வேலை அதுதான். புதிதாக வருபவர் எந்த வரிசையில் எதைக் கற்க வேண்டும், எதைக் கற்றபின் எந்த மெஷினில் தனியாக நிற்கலாம்.

மாலை கம்பெனி பஸ் பெருங்களத்தூர் நெரிசலில் நின்றே விட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். முதல் கோர்ஸில் இரட்டைச் சிலிண்டரோடு அசையாமல் மிதக்கவும், ஏதாவது உடைந்தால் கை தானாகப் போகவும் பழகுகிறோம். கூரை கிடையாது, எந்த நொடியும் மேலே வரலாம். இரண்டாவதில் கூரை வருகிறது, வேறு வாயு வருகிறது, வாயுவை மீட்டர் வைத்து அளக்கும் பாடம் வருகிறது. மூன்றாவதில் இன்னும் ஆழம், ஹீலியம் கலந்த வாயு. ஒவ்வொரு படியிலும் புதிதாக ஒன்றுதான் வர வேண்டும். பழையது யோசிக்காமல் வந்தால்தான் புதியதை யோசிக்க மூளையில் இடமிருக்கும். இடையில் பரீட்சை இல்லாமல் சும்மா முங்கிப் பழகும் காலமும் வேண்டும். சோறு வடித்து அடங்குகிற மாதிரி.

இதையெல்லாம் யோசித்து முடித்தபோதுதான் உறைத்தது. எந்தப் படியையும் 'முடித்தாயிற்று' என்று எதை வைத்துச் சொல்கிறோம்? அந்தக் குளத்தில் நாங்கள் பாஸ். மூன்று கோர்ஸையும் மூன்று வருடத்துக்கு இழுத்தாலும் நாங்கள் பாஸ்தான்.

ஜனவரி 26, ஞாயிறு

தனித்தனிப் படிகளாகவே எழுதி அனுப்பினேன். அண்ணாவின் பதில் குரல் செய்தியாக வந்தது. "சூப்பரா கீதும்மா. ஆனா இதைப் படிச்சா ஒருத்தனும் வரமாட்டான். வேற ஊர்ல பத்து நாள்ல முடிச்சித் தர்றான். நான் இன்னா, காலேஜா நடத்துறேன்?"

கோபம் வரவில்லை. அவர் சொல்வதும் நிஜம். இருபது வருடமாகக் கடலில் இருப்பவர். ஒரு தடவை கோவளத்துக்கு வெளியே நான் பயந்து கையைக் காலை உதறியபோது என் முகத்துக்கு நேரே வந்து, ரெகுலேட்டரை வாயில் வைத்தபடியே பாட்டுப் பாடியவர். தண்ணீருக்குள் அது கழுதை கத்துவது மாதிரி இருந்தது. அதற்குச் சிரித்துத்தான் பிழைத்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சினேகாவிடம் சொல்லிவிட்டேன், மேடவாக்கம் ரோட்டில் ஜூஸ் கடையில். குளத்தில் நடந்தது, ஹோஸ், ரப்பர் பேண்ட், எல்லாம்.

சிரித்தாள். "ஏய், பூல்ல வெறும் காத்துதானேடி. கடல்ல பார்க்க மாட்டேனா?"

"குளத்துல பார்க்காத கண்ணு கடல்ல எப்படிப் பார்க்கும்?"

"நீ ரொம்பப் படிக்கிற. அதான் உன் ப்ராப்ளம்."

இருக்கலாம். மற்றவர்கள் நாவல் படிக்கும் நேரத்தில் நான் விமான விபத்து விசாரணை அறிக்கைகளைப் படிக்கிறேன். அவற்றிலும் எல்லோரும் 'சரி' என்று சொல்லியிருப்பார்கள்.

பிப்ரவரி 5, புதன்

காலை ஷிஃப்ட் தொடங்கும்போது இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்குப் போய் நின்றேன். சந்திரிகா அக்கா முதல் வேலையாகக் கெட்ட பீஸை அளவு பார்க்கும் கேஜில் வைத்தார். தினமும் நடப்பதுதான். தப்பான அளவில் வேண்டுமென்றே செய்து, சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு பாகம். கேஜ் அதைத் தள்ளினால்தான் லைன் ஓடும். 'நல்லது' என்று காட்டிவிட்டால் கேஜ் கெட்டுவிட்டது என்று அர்த்தம். லைனை நிறுத்திவிடுவார்கள்.

"இன்னாம்மா, இதையே மொறைச்சிப் பாக்குற? பொண்ணு பாக்க வந்த மாதிரி?"

இதுதான். குளத்தில் எங்களுக்கு இல்லாதது இதுதான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வகுப்பு முடிந்ததும் அண்ணாவிடம் போனேன். "அண்ணா, ஒவ்வொரு படியும் முடியறப்போ ஒருத்தர் வேணும்னே தப்பான சிலிண்டரைக் காட்டணும். மத்தவங்க பிடிக்கணும். பிடிக்கலைன்னா அடுத்த படி கிடையாது."

"கடல்ல வந்து கார் பார்ட்ஸ் செய்யுறியாம்மா?"

"ஒரே ஒரு தடவை அண்ணா. குவாரியில. பேக்கேஜ் வேணாம்னு நான் திரும்பச் சொல்ல மாட்டேன், எல்லாரும் பிடிச்சிட்டா."

கொஞ்சம் யோசித்தார். பிறகு பந்தயம் கட்டுகிறவர் மாதிரி முகம் மலர்ந்தது. "செய். எனக்கும் சொல்லாத, எப்போ செய்யப் போறேன்னு. நானும் ஆட்டத்துல கீறேன்."

ஜனவரி 19 பற்றி அவரிடம் இன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

வண்டலூருக்குப் பின்னால் தனியார் கல்குவாரி. ஜெயவேலு சார் நிலம். விடிந்த கொஞ்ச நேரத்தில் உயிரியல் பூங்காவிலிருந்து சிங்கத்தின் குரல் கேட்டது. சார் பாறை மேல் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "முதுவுல ரெண்டு சிலிண்டரு, இடுப்புல ரெண்டு. இன்னாமா, கீழ போய்க் கல்யாணச் சமையலா? அடியில ஒரு லாரி கீது. பாத்தா சொல்லு, அது என்துதான்."

வேனிலிருந்து நானே என் சிலிண்டர்களை எடுத்துக்கொண்டேன். ஒரு 21. ஒரு 6.

இருபது மீட்டரில் பாறை ஒரு மேடை மாதிரி நீள்கிறது. பச்சைத் தண்ணீர், கைக்கு எட்டும் தூரம்தான் தெரியும். நால்வரும் வட்டமாக மிதந்தோம். இது எல்லாம் முதல் கோர்ஸ் பயிற்சி, இங்கே வருவது எல்லாம் காற்று அடைத்த சிலிண்டர்தான் என்ற தைரியம் எனக்கு. யாராவது பிடிக்கும்வரை அதிலேயே மூச்சு விட்டுக்கொண்டிருப்பது என்று திட்டம். 6-ஐத் திருப்பினேன். பெரிய எழுத்து. ஹோஸைத் தடவிக் காட்டினேன். மெதுவாக, மிக மெதுவாக. பிடிக்கட்டும் என்று.

சினேகா ஓகே.

பிரிட்டோ அண்ணா ஓகே.

உதயாவின் கை வரவில்லை. சரி, அவன் எப்போதும் தாமதம்தானே. வாயில் வைத்தேன். மூச்சு விட்டேன். இன்னொன்று. இன்னும் சில. அண்ணா அடுத்த பயிற்சிக்குக் கையைக் காட்டினார். எனக்குள்ளே அழுகையும் சிரிப்புமாக ஏதோ வந்தது. யாருமே இல்லையா, நிஜமாகவே யாருமே இல்லையா.

அப்போது உதயா என் தோளைப் பிடித்து இழுத்தான். லேபிளுக்கு எதிரே கை முஷ்டியை மடக்கிக் காட்டினான். நில். வாயிலிருந்ததைப் பிடுங்கி, முதுகுச் சிலிண்டரின் ரெகுலேட்டரை என் வாயில் திணித்தான். பல்லில் இடித்தது.

மேலே வந்து சொன்னேன், கெட்ட பீஸ் இதுதான் என்று. சினேகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணா சிரிக்கப் பார்த்தார். உதயா மட்டும் மன்னிப்புக் கேட்கிற குரலில், "நான் ஸ்லோ அக்கா. எனக்கு இன்னும் நம்பர் பார்த்துதான் புரியுது, அதான் பாத்துகினே இருந்தேன்" என்றான்.

அதோடு முடியவில்லை.

வேனில் ஏற்றும்போது அண்ணா எதையோ தேடுகிற மாதிரி ஒரு 6-ஐத் தூக்கிப் பார்த்தார். இன்னொன்றைத் தூக்கினார். பிறகு நான் கழற்றி வைத்ததன் பக்கத்தில் வந்து குந்தினார். பெட்டியிலிருந்து வாயு அளக்கும் மீட்டரை எடுத்து வால்வில் வைத்தார்.

"வினி. இதை எங்கிருந்து எடுத்த?"

"வேன்ல இருந்தது அண்ணா."

"வேன்ல ரெண்டு வகை ஆறு இருந்தது."

மீட்டரை என் பக்கம் திருப்பினார். 98 சதவீதம்.

அடுத்த வாரக் கடல் பயணத்துக்காக அவரே நேற்று நிரப்பிய ஆக்சிஜன்.

அவர் எழுந்திருக்கவே இல்லை. ஜெயவேலு சார் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னாயா ஆச்சி? பேயடிச்ச மாரி கீறீங்க?"



சேலையூரில் வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார், எப்படிடி இருந்தது என்று. நன்றாக இருந்தது என்றேன்.

பிப்ரவரி 17, திங்கள்

ருசியே இல்லை. அதுதான். ஒரு வித்தியாசமும் இல்லை. காற்று மாதிரியே இருந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால்? உதயாவும் எங்களை மாதிரி 'ரெடி'யாக இருந்திருந்தால்?

செத்துப் போயிருப்பேன்டி. எழுதிப் பார்க்கிறேன். செத்துப் போயிருப்பேன். அதுவும் நானே கேட்டு வாங்கி, நானே வாயில வெச்சு. எல்லாரையும் சோதிக்கப் போன பெரிய மேதாவி.

குளத்திலும் சரி, மற்ற நாளிலும் சரி, அந்த லேபிள் எப்போதும் பொய். 6 என்று எழுதிய சிலிண்டரில் காற்று. மாதக்கணக்காகப் பொய்யையே பார்த்துப் பார்த்து ஓகே கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் லேபிள் உண்மையைச் சொன்னது. அன்றைக்கு அதை நம்ப யாருமில்லை. நான் உள்பட.

பிப்ரவரி 20, வியாழன்

எங்கள் ஃபேக்டரியில் கெட்ட பீஸைச் சங்கிலி போட்டு மேஜையோடு பூட்டி வைத்திருப்போம். நல்ல பீஸோடு கலக்கவே கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தருவது யார்? நான்.

குவாரிக்கு நான் சங்கிலியை எடுத்துப் போகவில்லை.

ஆனால் இது மட்டும் இல்லை. முன்பெல்லாம் கோர்ஸ் தனித்தனியாக இருந்தது. முதல் கோர்ஸ்காரர்கள் போகும் வேனில் ஆக்சிஜன் ஏறவே ஏறாது, ஏற வேண்டிய காரணமே இல்லை. மூன்றையும் ஒன்றாக்கியதும் பயிற்சி சிலிண்டரும் நிஜச் சிலிண்டரும் ஒரே வேனில், ஒரே எண்ணோடு, பக்கத்தில் பக்கத்தில். வாயுவை அளந்து பார்க்கிற பாடம் இரண்டாவது கோர்ஸில். எங்களுக்கு அது இன்னும் வரவில்லை. பாடம் வருமுன் வாயு வந்துவிட்டது.

படிகள் என்றால் திறமையைப் பிரித்து வைப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவை ஆபத்தையும் பிரித்து வைக்கின்றன. இதை ஒரு பஸ் பயணத்தில் யோசித்துக் கண்டுபிடிக்க முடியவில்லை எனக்கு.

பிப்ரவரி 23, ஞாயிறு

கடல் பயணம் தள்ளிப்போனது. காரணம் சொல்லவில்லை. சினேகா வீட்டுக்கு வந்தாள்.

"வெளியில யார்கிட்டயும் சொல்லாதடி. அண்ணா பேர் போயிடும்."

"நீ ஓகே குடுத்த சினேகா."

"நீ ஏமாத்துன. ஃப்ரெண்டை அப்படி டெஸ்ட் பண்ணுவாங்களா?"

இரண்டுமே உண்மை. அம்மா கொண்டுவந்த காபியை அவள் குடிக்காமலே போனாள்.

மார்ச் 2, ஞாயிறு

பிரிட்டோ அண்ணா வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கேம்ப் ரோடு பக்கம் நடந்தபடி பேசினோம். மெலிந்த மாதிரி இருந்தார்.

"தூங்குனா அந்த மீட்டர்தான் வருதும்மா."

ஜனவரி 19 பற்றி அப்போதுதான் சொன்னேன். குளம், ரப்பர் பேண்ட், அவருடைய ஓகே. நின்றுவிட்டார். ஷேர் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது.

"அன்னிக்கே கீதா இது."

"ஆமாண்ணா."

"ஏம்மா சொல்லல?"

திட்டினால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

கொஞ்ச தூரம் போனபின் சொன்னார். "நீ எழுதினதையே போடு. தனித்தனியா. ஆக்சிஜன் சிலிண்டரு வேற ரூம், வேற பூட்டு, வேற வண்டி. முதல் நாளே மீட்டர் பாடம், கையில காத்து இருந்தாலும். ஒவ்வொரு படி கடைசியிலயும் உன் கெட்ட பீஸ். அதுக்கு வெறும் காத்து, எல்லார் எதிர்லயும் அளந்து பாத்துட்டு."

"சரிண்ணா."

"இன்னொண்ணு எழுதிக்கோ. வாத்தியாரும் உண்டு. அவனும் பிடிக்கலைன்னா அடுத்த படிக்கு ஆளைக் கூட்டிகினு போகக் கூடாது."

"அப்படி எங்கயும் இல்லையே அண்ணா."

"இங்க இருக்கட்டும்."

மார்ச் 9, ஞாயிறு

சினேகா வேறு ஊரில் பத்து நாள் கோர்ஸில் சேர்ந்துவிட்டாளாம். உதயாதான் சொன்னான். எனக்குச் சொல்லவில்லை அவள்.

மார்ச் 22, சனி

சினேகாவின் படம் பார்த்தேன். படகில், ஈரத் தலையோடு, கையில் சான்றிதழ். அறுபது மீட்டர் போனாளாம். நன்றாக இருக்கிறாள். இதை எழுதும்போது ஒரு நிம்மதி. அதற்கு அடியில் வேறொன்று. அதன் பெயர் பொறாமை இல்லை என்று நம்புகிறேன். அந்தப் பத்து நாளில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அவளுக்கு ஓகே கொடுக்காமல் நின்றிருப்பார்களா?

மார்ச் 30, ஞாயிறு

குளம். லேபிளைத் திருப்பினேன். சரியான சிலிண்டர்தான். உதயா பார்த்தான், பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். குளிர்ந்துவிட்டது எனக்கு. கடைசியில்தான் ஓகே.

மேலே வந்து, "இன்னும் கொஞ்சம் சீக்கிரம் பாக்கலாம்டா" என்றேன்.

"முடியாதுக்கா" என்றான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முதல் படியின் கடைசி நாள். அடுத்த சனிக்கிழமை முதன்முதலாகக் கடலில் கூரையோடு போவதாகத் திட்டம். புதிதாகச் சேர்ந்தவர்களோடு ஆறு பேர் பதிந்திருக்கிறார்கள், படகு பேசியாயிற்று.

இன்று கெட்ட பீஸ் உதயாவின் கையில். எல்லோர் எதிரிலும் மீட்டர் வைத்தோம். காற்று. தண்ணீருக்குள் எப்போது செய்வான் என்று யாருக்கும் தெரியாது.

கடைசிப் பயிற்சியில் செய்தான். நான் பிடித்துவிட்டேன். முஷ்டியை மடக்கிக் காட்டினேன்.

என் எதிரே பிரிட்டோ அண்ணாவின் கை உயர்ந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வட்டமாகச் சேர்ந்தன. ஓகே. பிறகுதான் கண் லேபிளுக்குப் போனது.

கையை இறக்காமல் அப்படியே வைத்திருந்தார். அது வேறு யாருடைய கையோ என்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரையேறியதும் அவர் தலையைத் துவட்டிக்கொண்டு, ஃபோனை எடுத்துப் படகுக்காரரைக் கூப்பிட்டார்.

ஏப்ரல் 12, சனி

படகு போகவில்லை.